பக்கத்தில் படுத்தவள் சொல்ல வேண்டியது

டாக்டர் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, "கூடப் படுக்கிறது யாரு? அவங்கதான் இதுக்குப் பதில் சொல்லணும்" என்று மலையாளத்தில் கேட்டது இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: என் வீட்டுக்காரர், நான், என் மாமியார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்காரருக்கு வலது முழங்கையில் கட்டு. அந்த வாரம் திங்கட்கிழமை காலை ஸ்கூட்டரில் கழக்கூட்டம் என்கிற ஊரிலுள்ள ஆபீசுக்குப் போனவர், பைபாஸில் ஓட்டிக்கொண்டே தூங்கி, நடுத் தடுப்பில் உரசி விழுந்தார். பின்னால் வந்த பஸ்காரன் எப்படியோ ஒடித்துத் திருப்பிவிட்டான். பட்டப்பகலில் வண்டியில் தூங்குகிற ஆளுக்கு ராத்திரி என்னதான் நடக்கிறது என்று பார்க்கச் சொல்லி, கட்டுப் போட்டவர்கள் எங்களை இந்த டாக்டரிடம் அனுப்பியிருந்தார்கள். குறட்டைக்கு நடுவில் மூச்சு நிற்கிறதா, நின்றால் எவ்வளவு நேரம்? டாக்டர் கேட்டது அவ்வளவுதான். நான்கு மாதமாக நான் வீட்டுக்காரர் பக்கத்தில் படுக்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி கிழக்கேகோட்டைப் பக்கத்து இந்த வீட்டுக்கு வந்தபோது, தலை தலையணையில் பட்டால் தூங்குகிற ஜென்மம் நான். வீட்டைத் தூக்கிக்கொண்டு போனாலும் இவளுக்குத் தெரியாது என்று அம்மா திட்டுவாள். அந்தத் தூக்கத்தை அவருடைய குறட்டை முதல் வாரத்திலேயே தின்றுவிட்டது. முழங்காலால் ஒரு இடி கொடுத்தால் புரண்டு படுப்பார், பத்து நிமிஷம் சும்மா இருப்பார், மறுபடியும் ஆரம்பம். பத்தொன்பது வருஷத்தில் அந்த இடி எனக்குத் தூக்கத்திலேயே தானாக வருகிற பழக்கமாகிவிட்டது. சில நேரம் இடிக்காமலே சத்தம் சட்டென்று அடங்கும். அப்பாடா என்று அந்த இடைவெளியில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஆபத்து அந்த அமைதியில்தான் இருக்கிறது என்று எனக்கு ஒரு படுபாவியும் சொல்லித் தரவில்லை.

மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் அவள் அறை காலியானது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள். ஒரு நாள் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே உறங்கிவிட்டேன், பிள்ளைகள் சிரித்த சத்தத்தில்தான் விழித்தேன். அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன், இனி நான் மகள் அறையில்தான் படுப்பேன் என்று. அவரும் சரி என்றார், ஆனால் தன் அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஆட்களில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகப் படுத்தால் அதற்குச் சண்டை என்று மட்டும்தான் அர்த்தம். சொந்தத்தில் ஒரு அக்கா முதுகுவலிக்காகத் தரையில் படுத்தாள். ஒரே வாரத்தில் பஞ்சாயத்துப் பேச இரண்டு பெரியப்பாமார் பஸ் ஏறி வந்து தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டார்கள்.

ஆகவே தினமும் பத்து மணிக்கு இருவரும் ஒரே அறைக்குள் போவோம். அத்தை விளக்கணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து நான் தலையணையை இடுக்கிக்கொண்டு மகள் அறைக்கு நழுவுவேன். அத்தை ஐந்து மணிக்கு எழுவாள். அதற்கு முன் திரும்பி வந்து அவர் பக்கத்தில் விறைத்துக்கொண்டு கிடப்பேன். சொந்த வீட்டில் திருட்டுப்பூனை மாதிரி நடந்தேன் என்றாலும் தூங்கினேன். அம்மாடி, என்ன தூக்கம் அது!

அந்த டாக்டருக்கு முன்னால், அத்தை பக்கத்து நாற்காலியில் இருக்க, நான் சொன்ன பதில் இதுதான்: "அப்படி ஒண்ணுமில்லை சார். நல்லா உறங்குவார்." வீட்டுக்காரர் தன் முழங்கைக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தலையாட்டிவிட்டு மறுபடி பேனாவை எடுத்தார். அப்படியானால் அலுப்பாகத்தான் இருக்கும், சோதனைக்கெல்லாம் அவசரமில்லை என்று எழுத ஆரம்பித்தார். புருஷன் உயிரா, வீட்டுப் பேரா என்று வந்த இடத்தில் நான் பேரைக் காப்பாற்றிவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

அப்போது அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"மூச்சு நிக்கும் சாரே. நான் எண்ணியிருக்கேன். முப்பது வரைக்கும் போவும். பெறவு தண்ணில முங்கினவன் மாதிரி ஒரு இழுப்பு."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் டாக்டர்.

"வாசல்ல நின்னு கேப்பேன். இவ மத்த ரூம்ல கெடக்கா. பாவம், அவளுக்கும் உறங்கண்டாமா?"

டாக்டர் எழுதியதை அடித்தார். அன்று இரவே அவரை அங்கே தங்கச் சொல்லி, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூக்கத்தைச் சோதிப்பதாக முடிவாயிற்று. ஸ்கூட்டர் சாவியைத் தொடவே கூடாது என்றும் கண்டித்துச் சொன்னார்.

அவரை விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் திரும்பினோம். தம்பானூரில் வண்டி அசையவில்லை. எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. எல்லாம் தெரிந்தும் நான்கு மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை, சொல்லியிருந்தால் இவர் ரோட்டில் விழுந்திருக்க மாட்டாரே என்று கேட்டேவிட்டேன். அத்தை வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க மாமா போனப்போ நான் பக்கத்துல இல்ல மக்ளே. அவருக்கும் இதே கொறட்டைதான். பொறுக்க முடியாம அடுத்த ரூம்ல பாயப் போட்டுட்டேன். காலம்பற போய்ப் பாத்தா வெறச்சுக் கெடக்காரு. பக்கத்துலதான் கெடந்தேன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். மத்த ரூம்ல கெடக்கதப் பத்தி ஒன்னக் கேட்டா அதையும் சொல்லணும்லா?"

சற்றுக் கழித்து, "அவன்ட்ட சொல்லாத" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது அவர் மூக்கில் முகமூடி மாட்டி, தலைமாட்டில் மூச்சு நிற்காமல் காற்று ஊதுகிற மெஷின் ஓட உறங்குகிறார். குறட்டை இல்லை. நான் பக்கத்தில்தான் படுக்கிறேன். ஆனால் பழைய தூக்கம் திரும்பவில்லை. கரண்ட் போய் மெஷின் நின்றால் அவருக்கு முன்னால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அத்தை போய் இரண்டு வருஷமாகிறது. வீட்டுக்காரர் படித்ததெல்லாம் மலையாளம். வீட்டில் தமிழ் பேசுவார், ஆனால் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் அத்தையின் திதிக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பந்தியில் யாரோ மாமாவின் சாவைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். "அப்பா போறப்போ அம்மா பக்கத்துலயே இருந்தா. அந்தப் புண்ணியம் எல்லாருக்கும் கெடைக்காது" என்று அவர் கண் கலங்கிச் சொல்லிவிட்டு, இல்லையா என்பது போல என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.