பெரம்பலூர் நடுவரின் கண்பார்வை

அரியலூர் பூப்பந்துக் குழுவில் நான் மாற்று ஆட்டக்காரன். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஆறாவது ஆள். யாருக்காவது கால் சுளுக்கினால், காய்ச்சல் கண்டால், கல்யாணம் வந்தால் நான் இறங்க வேண்டும். எங்கள் குழுவைப் போல ஆரோக்கியமும் கல்யாண யோகமின்மையும் ஒருங்கே வாய்த்த இளைஞர்களை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை. ஆகவே மட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டத்தை முழுதாகப் பார்க்கும் பாக்கியம் எனக்கு மட்டுமே கிடைத்தது. விளையாட்டைப் பற்றி எழுத வேறு தகுதி எதுவும் வேண்டியதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. ஓடின என்பது பஸ் முதலாளிகளின் வார்த்தை. பெரம்பலூர்க் குழுவோடு ஆடப் புறப்பட்ட அன்று, மேடு வந்த இடத்திலெல்லாம் நாங்கள் இறங்கித் தள்ளினோம். "மேட்ச் ஆடப் போற பசங்கதானே, ஒடம்பு சூடாவட்டும்" என்று கண்டக்டர் உற்சாகப்படுத்தினார். பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது உடம்பு நன்றாகவே சூடாகியிருந்தது. அதில் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

பெரம்பலூர்க் குழுவின் கேப்டன் பெரிய மிராசுதார். ஆடுகளம் அவருடையது. வலை அவருடையது. ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் கிடைக்கும் உப்புமா அவருடையது. உயரமான முக்காலியில் உட்கார்ந்திருந்த நடுவரும் அவருடையவரே; அவர் நிலபுலன்களைக் கவனித்துவந்த காரியஸ்தர். மிராசுதார் களத்தில் ஓடி யாரும் பார்த்ததில்லை. பந்துதான் அவரைத் தேடி வரவேண்டும். வராத பந்தை அவர் மன்னித்து விட்டுவிடுவார்.

இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்ற நேரத்தில் மிராசுதார் ஒரு பந்தை ஓங்கி அடித்தார். அது சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி, என் பெஞ்சுக்கு எதிரிலேயே விழுந்தது.

"உள்ள!" என்றார் நடுவர்.

எங்கள் கேப்டன் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. மூட்டைகளோடு பேசிப் பழகிய குரல். "சார், வெளில விழுந்துச்சுங்க. கொஞ்சம் எறங்கி வந்து பாருங்க."

"எனக்கு இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது. உள்ளதான்."

தோற்றோம். உப்புமாவைச் சாப்பிட்டோம். முந்திரி தாராளமாகப் போட்டிருந்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். திரும்பும்போது பஸ்ஸைத் தள்ளிக்கொண்டே கேப்டன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்கூல் பைனல் வரைக்கும் படிச்சிருக்கே. சும்மா ஒக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்தே? இந்த அநியாயத்தப் பேப்பர்ல எழுது."

எழுதினேன். திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்குப் பக்கம் பக்கமாக எழுதி, தபாலை நம்பாமல் நானே ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் பொடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"நல்லா எழுதறீங்க தம்பி. ஆனா பேப்பர் கன்ட்ரோல் இருக்கே. பெர்லினுக்கே அரைப் பத்திதான் குடுக்கறேன். உங்க பெரம்பலூருக்கு எவ்வளவு குடுக்க முடியும்?"

அந்த வாரம் செய்தி வந்தது. 'பெரம்பலூரில் பூப்பந்து ஆட்டம். அரியலூர் தோற்றது. அனைவருக்கும் சிற்றுண்டி வழங்கப்பட்டது.' என் முதல் எழுத்து அச்சேறிய வரலாறு இது. கேப்டன் அதைக் கடைத்தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்துவிட்டு, "இதுக்காடா பஸ்ஸத் தள்ளினோம்?" என்று கேட்டார்.

மிராசுதாருக்கு அந்தச் செய்தி பிடித்துப்போனது. உப்புமாவைப் பத்திரிகை கவனித்துவிட்டதே! இனி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பத்திரிகைத் தம்பி வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அவரைப் போன்ற பெரிய மனிதர்கள் படிக்கும் பகுதியை விட்டுவிடக் கூடாதென்று ஆசிரியரும் என்னையே எழுதச் சொன்னார். இப்படியாக நான் விளையாட்டு நிருபன் ஆனேன்.

அடுத்த ஆட்டமும் பெரம்பலூரில்தான். அதே முக்காலி, அதே காரியஸ்தர், அதே "உள்ள!" இந்த முறை எனக்குப் புத்தி வந்திருந்தது. குறை சொன்னால்தானே வெட்டுவார்கள்? புகழ்ந்து எழுதினேன். 'நடுவரின் கண்பார்வை வியக்கத்தக்கது. அருகில் நின்றவர்கள் யார் கண்ணுக்கும் தெரியாதவற்றை அவர் தூரத்திலிருந்தே தெளிவாகக் கண்டார். பெரம்பலூர் கேப்டன் ஆட்டம் முழுதும் மலைபோல் அசையாது நின்றார்.'

ஓர் எழுத்துக்கூட வெட்டப்படவில்லை. மலை என்ற சொல்லில் மிராசுதார் மகிழ்ந்து, அந்தப் பக்கத்தைச் சட்டம்போட்டுக் கூடத்தில் மாட்டினார். அரியலூர் டீக்கடையில் அதைப் படித்தவர்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சில நாள் கழித்து, ஏதோ நில வழக்காக அரியலூர் கோர்ட்டுக்கு வந்த காரியஸ்தர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முக்காலியிலிருந்து அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. குள்ளமான மனிதர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"தம்பி, எசமானுக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சுது."

குடையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு மேலே பேசினார்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. பந்து எங்க விழுந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியிற மாதிரிதான் எனக்கும் தெரியுது. அந்த முக்காலில ஏறுன்னு அவரு சொன்னா நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா? எம் பொண்ணு பேப்பரப் படிச்சுட்டு, 'ஏம்ப்பா, ஒங்க கண்ணப் பத்தி இவ்வளவு நல்லா எழுதியிருக்காங்களே'ன்னா. அவளுக்கு என்னத்தச் சொல்றது?"

கோபமாகப் பேசியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவர் மெதுவாகப் பேசினார். "காபி சாப்பிடுங்க" என்றேன். "வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வரேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அதற்கடுத்த ஆட்டத்தில் மிராசுதார் அடித்த பந்து வழக்கம்போல் கோட்டைத் தாண்டி விழுந்தது. எல்லோரும் வழக்கம்போல் முக்காலியைப் பார்த்தோம். காரியஸ்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வெளில."

மிராசுதார் மட்டையைத் தாழ்த்தினார். "என்னய்யா சொன்னே?"

"வெளிலங்க எசமான்."

மிராசுதார் காரியஸ்தரைப் பார்த்தார். பிறகு பென்சிலோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். சூரியன் புளியமரத்துக்கு மேலே நன்றாக எரிந்துகொண்டிருந்தது. "வெளிச்சம் போயிடுச்சு. இன்னிக்கு இதோட நிறுத்திக்குவோம்" என்றார். அன்றும் உப்புமா உண்டு. முந்திரிதான் இல்லை.

காரியஸ்தரின் வேலைக்கு ஆபத்து வரவில்லை; அவர் இல்லாமல் மிராசுதாருக்குத் தம் வயல் எது, அடுத்தவன் வயல் எது என்றே தெரியாது. முக்காலி மட்டும் மிராசுதாரின் மைத்துனருக்குப் போனது. அவருடைய கண்பார்வை மிகவும் கூர்மையானது என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதன் பிறகு அழைப்பு வரவில்லை. காரியஸ்தர் இப்போதெல்லாம் ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு செட்டிகுளம் மலைக்கோயிலுக்குப் போகிறார் என்று யாரோ சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது.

அந்த ஆட்டத்தை நடந்தபடியே எழுதினேன். 'வெளிச்சம் போதாமையால் ஆட்டம் நின்றது. அப்போது வெயில் கடுமையாக இருந்தது.' ஆசிரியர் படித்துச் சிரித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்படியே அச்சுக்கு அனுப்பினார். ஆண்டிமடத்தில் சடுகுடு நடக்கிறது, போய் வாருங்கள் என்றும் சொன்னார். செய்தியின் அடியில் முதல் தடவையாக 'நமது விளையாட்டு நிருபர்' என்று போட்டிருந்தார்கள்.

பத்திரிகையை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஒம் பேரு எங்கடா?"

"இதுதாம்மா. நமது விளையாட்டு நிருபர்."

"இது யாரு வேணாலும் சொல்லிக்கிடலாமே" என்று மடித்துக் கொடுத்துவிட்டு, "தாலுகா ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்களாம், அப்பா ஒன்னப் போயிப் பாக்கச் சொன்னாரு" என்றாள்.

நான் ஆண்டிமடத்துக்குப் பஸ் எப்போது என்று விசாரிக்கக் கிளம்பினேன்.