பீரோ நுழையாத வீடு

குட்டியானை வண்டியிலிருந்து இறக்கிய பீரோவைப் படிக்கட்டுத் திருப்பத்தில் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துவிட்டு, வண்டிக்காரர் வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "அம்மணி, உள்ள ஒண்ணு பீரோ இருக்கோணும், இல்லீன்னா நீங்க இருக்கோணும். ரெண்டும் ஆகாதுங்க."

அந்த நொடியில்தான் எனக்குப் பளிச்சென்று பட்டது. அப்படியானால் நாங்களே இருந்துவிடுகிறோம்.

நான் படித்தது மெக்கானிக்கல். பம்ப்செட் கம்பெனியில் நாள் முழுக்க மில்லிமீட்டர் பிசகாமல் வரைபடம் போடுகிறவள், குடிபோகும் வீட்டின் படிக்கட்டை அளக்கவில்லை. அவசரம் அப்படி. கணவர் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் ஆர்டர் குறைந்து வாரத்தில் பாதி நாள்தான் மெஷின் ஓடியது. என் சம்பளமும் தள்ளித் தள்ளி வந்தது. பெரிய வீட்டை விட்டுவிட்டு, கணபதி ஏரியாவில் மாடியில் ஓர் அறையும் அடுப்படியும் மட்டும் உள்ள வீட்டைப் பிடித்திருந்தோம்.

அன்று மாலையே பீரோவும் கட்டிலும் உக்கடத்துப் பழைய சாமான் கடைக்குப் போயின. கண்ணாடியில் நான் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளைக் கடைக்காரர் நகத்தால் சுரண்டி எடுத்தார். அம்மா கொடுத்த சீர் அது. உடுமலையில் தோப்புத் தேங்காய் விற்ற காசைச் சேர்த்துச் சேர்த்து வாங்கியது. கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்தி, வந்த சொந்தமெல்லாம் திறந்து மூடிப் பார்த்தது. அது போய்விட்டது என்று தெரிந்தால் மாப்பிள்ளைக்குப் பிழைப்பே போய்விட்டது என்றுதான் அம்மா நினைப்பார். அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட மாட்டார். எனவே வீடு மாறியதை மட்டும் சொல்லிவிட்டு, வீடியோ காலில் எப்போதும் ஒரே சுவரைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மற்றபடி எங்களுக்கு நன்றாகவே இருந்தது. "இது இல்லாமல் முடியுமா?" என்று ஒவ்வொரு சாமானாகக் கேட்பது விளையாட்டுப்போல் ஆகிவிட்டது. டீப்பாய் போனது. பிரிட்ஜ் போனது. அன்றாடம் நாலு தக்காளி, ஒரு கத்தரிக்காய், கொத்தமல்லி. முன்பெல்லாம் பிரிட்ஜுக்குத்தான் சமைத்தோம் என்றார் கணவர். துணி கொடியில், பாய் மூலையில். தட்டு இரண்டே என்பதால் சாப்பிட்ட கையோடு கழுவியாக வேண்டும். பாத்திரம் குவிவதே இல்லை. வேலை இல்லாத நாளில் அவர் தரையில் கையைக் காலை நீட்டிக் கிடப்பார், எதன்மீதும் இடிக்காது. எனக்குக்கூட அவசரம் கொஞ்சம் குறைந்தது, நம்புங்கள்.

ஒரு சனிக்கிழமை அம்மா போன் செய்தார். காந்திபுரத்தில் இறங்கிவிட்டாராம். "வாரேன் கண்ணு, பஸ் ஏறிட்டேன்."

தேங்காய்ப் பையோடு உள்ளே வந்தவர் நான்கு சுவரையும் பார்த்தார். பையைத் தரையிலேயே இறக்கி வைத்தார்.  சாப்பாட்டு நேரத்தில் ஆள் மூன்று, தட்டு இரண்டு. கணவர் பொரியல் செய்த வடைச்சட்டியிலேயே சோற்றைப் போட்டுக்கொண்டு, பொரியல் வாசத்தோடு சாப்பிடுவது தனி ருசிங்க அத்தை என்றார். அம்மா சிரிக்கவில்லை. பாதிச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கணவர் தண்ணீர் பிடிக்கக் கீழே போனதும் அம்மா மெல்லக் கேட்டார். "மாப்ளைக்குப் பொழப்பு சரியில்லீங்களா கண்ணு?"

"கம்மிதானுங்கம்மா. ஆனா அதுக்காக விக்கலைங்க. பீரோ உள்ள நொழையலை."

"நொழையற ஊடாப் பாக்கறதுக்கென்ன?"

"பாத்திருந்தா பீரோ சொகமா இருந்திருக்கும். நாங்க வாடகைக்கு ஓடியே செத்துப்போயிருப்போம்."

 அம்மா மீதிச் சோற்றை முடித்தார். இரவு எங்களோடு பாயில் படுத்தார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அம்மா அசந்து தூங்கினார்.

காலையில் சும்மா இருக்க மாட்டாமல் விளக்குமாறை எடுத்தார். நான் பால் காய்ச்சித் திரும்புவதற்குள் வாசலில் நின்றார்.

"அவ்வளவுதானா கூட்டறதுக்கு?"

குத்திக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் காப்பியை வாங்கிக்கொண்டு, வெறும் தரை நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, தன் வீட்டுக் கதையை எடுத்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறதாம். பாதி நாள் கூட்டுவதற்கே போகிறதாம். அப்பா ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போட விடுவதில்லையாம்.

"ஒரு நாளைக்கு வந்து எனக்கும் இப்படிப் பண்ணிக் குடு அம்மணி. அப்பாகிட்டச் சொல்லிப்போடாத."

இரண்டாவது டம்ளர் காப்பி கேட்டார். கணவரைப் பார்த்து, அடுத்த தடவை உங்களுக்குத் தட்டு எடுத்துக்கிட்டு வாரனுங்க மாப்ளை, வடைச்சட்டி எனக்கு வேணும் என்றார். கணவருக்குச் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

வருகிற ஞாயிறு உடுமலைக்குப் போகிறோம். அப்பாவைத் தோப்புக்கு அனுப்புவது அம்மாவின் பொறுப்பு. முதலில் பரணைத்தான் பிடிக்கப்போகிறேன். டிவி வாங்கிய அட்டைப்பெட்டி, மிக்ஸி வாங்கிய அட்டைப்பெட்டி, அந்த டிவியும் மிக்ஸியும் ரிப்பேராகிப் போன பிறகு வாங்கியவற்றின் அட்டைப்பெட்டிகள். அப்பா திரும்புவதற்குள் எத்தனை இறக்க முடிகிறதோ பார்க்கலாம். ஏணியின் உயரத்தை மட்டும் இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறேன்.