சிவப்பு மை

மாயவனைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. ஆனால் எழுதக்கூடிய வேறு யாரும் அவனோடு வேலை பார்க்கவில்லை.

அரியலூரில் அழகேசன் முதலாளியின் அச்சகத்தில் நான் எழுத்துக் கோர்த்தேன். மாயவன் ட்ரெடில் என்னும் அச்சு மெஷினை ஓட்டினான். திருமானூர்ப் பக்கம் கூலிக்காரக் குடும்பம். அவர்கள் தெருவில் நிழலில் நின்று சம்பாதித்த முதல் ஆள் அவன்தான். அந்த வேலை போனால் திரும்பவும் வெயில்தான் என்று அவனுக்குத் தெரியும். தினமும் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பான். அதைப் பார்த்தால் எனக்கு எரியும். அந்த மெஷின்மேல் எனக்கும் ஒரு கண்.

1988இல் ஜெயங்கொண்டம் முந்திரி வியாபாரி குழந்தைவேல் ஒரு வேலை கொண்டுவந்தார். அமெரிக்காவுக்குப் போகும் முந்திரிப் பொட்டலங்களுக்கு இருபதாயிரம் லேபிள். ஓரத்தில் கோடு கோடாக ஒரு கட்டம். அங்கே கடையில் ஒரு மெஷின் அதன்மேல் வெளிச்சம் அடித்து, பொருள் இன்னதென்று தெரிந்துகொள்ளுமாம். மெட்ராஸிலிருந்து வந்த பிளாக்கோடு, அதாவது அச்சுக் கட்டையோடு, ஆங்கிலத்தில் ஒரு தாளும் இருந்தது. நான் படித்துச் சொன்னேன்.

மாயவன் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு எண்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழு பங்கு அகலம். அதற்குள் இரண்டு கறுப்புக் கோடு, இரண்டு வெள்ளை இடைவெளி. எது எவ்வளவு தடிமன் என்பதை வைத்துத்தான் எண். கடைசி எண், தப்பு நேராமல் காவலுக்கு. மற்ற பதினொன்றில் ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றால் பெருக்கி, மீதியையும் சேர்த்துக் கூட்டினால், அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் அந்த எண். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டு, "சரியா வருதுண்ணே!" என்று குதித்தான்.

முதல் ப்ரூஃபில் மை பரவிக் கோடுகள் பருத்துவிட்டன. "வெள்ளையக் கறுப்பு தின்னுட்டா நம்பரே மாறிப்போவும்ண்ணே" என்றான். மையைக் குறைத்தான்; அழுத்தம் குறைய, அடியில் வைக்கும் தாள்களில் ஒன்றை உருவினான். ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டிக் கோடுகளை நறுக்கென்று விழ வைத்தான்.

மறுநாள் முதலாளி திருச்சிக்குப் போயிருந்தபோது குழந்தைவேல் வந்தார். ப்ரூஃபைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"மொதச் சரக்கு கடல் தாண்டிப் போவுது. கருமாதிப் பத்திரிகையாட்டம் கறுப்புல அடிச்சு வச்சிருக்க? செவப்பு போடு."

"ஐயா, கறுப்புலதான் அடிக்கணும்னு தாள்ல போட்டிருக்குங்க."

"எனக்கே பாடமா? நீ யாருன்னு எனக்குத் தெரியாது?"

மாயவன் என்னைப் பார்த்தான். தாளைப் படித்தவன் நான். எழுத்துப் பெட்டியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அவன் சிவப்பு மை போட்டான்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அமெரிக்கக் கடை மெஷினின் வெளிச்சமே சிவப்பாம். சிவப்புக் கோடு அதன் கண்ணுக்கு வெறும் வெள்ளைத் தாள். சரக்கு முழுவதும் அங்கே கிடங்கில் முடங்கிவிட்டது. குழந்தைவேல் அச்சகத்துக்கு வந்து தாம்தூம் என்று குதித்தார். "நான் எப்ப செவப்பு கேட்டேன்? எல்லாம் ஒங்க ஆளு பண்ணுன வேலை!"

மாயவன் தன் பிள்ளைமேல் சத்தியம் செய்தான். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"காசிநாதா, நீதான கூட இருந்த? யாரு சொன்னது?"

குழந்தைவேல் என் மாமனாருக்குப் பங்காளி. அதைச் சாக்காகச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. "நான் கவனிக்கலீங்க" என்றேன்.

அன்றைக்கே அவனை அனுப்பினார்கள். மெஷினில் என்னை நிறுத்தினார்கள். அவன் வைத்துவிட்டுப் போன மை அளவையும் அழுத்தத்தையும் அப்படியே வைத்து, இருபதாயிரம் லேபிளைக் கறுப்பில் அடித்தேன்.

மாயவன் சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போனான். அடுத்த ஆண்டு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். புருவமெல்லாம் தூசி, வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. நான் நழுவப் பார்த்தேன். அவனே கூப்பிட்டான். காறித் துப்புவான் என்று நின்றேன். துப்பியிருக்கலாம்.

"அண்ணே, ரெண்டாவது தடவ அடிச்சீங்களே, மெஷின் படிச்சுதா?"

"படிச்சுது மாயவா. ஒண்ணுகூடத் தப்பல."

அவன் முகம் மலர்ந்தது.

"எனக்குத் தெரியும்ண்ணே" என்று சொல்லிவிட்டு, மூன்று விரல்களால் கம்பியைப் பிடித்துப் பஸ் ஏறினான்.