வெள்ளி நாக்கும் குதிரைக் கறியும்

பதுவாவில் எனக்குப் பிடித்தது ஒன்றும் இல்லை. ஊரில் யாராவது கேட்டால் நல்லா இருந்துச்சி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது. எழுதுவது என்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், அதனால் எழுதுகிறேன். அந்தப் பட்டணத்தை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.

இத்தாலி வரைக்கும் நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் வூட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கை கால் பழையபடி திரும்பிவிட்டது, நாக்கு திரும்பவில்லை. நாங்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற பக்கம், மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள். எங்கள் கோவிலுக்குச் சாமியார் எல்லா வாரமும் வரமாட்டார். வராத ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்வது இவர்தான். வாதத்துக்கு அப்புறம் இவர் வாயைத் திறந்தால் கூழ் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஜெபத்தின் நடுவில் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றோடு கோவில் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

எங்கள் மகள் இத்தாலியில் வயசானவர்களை வைத்துப் பார்க்கிற இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். பதுவாவில் ஒரு புனிதருடைய நாக்கு இத்தனை நூறு வருஷமாக அழியாமல் இருக்கிறது, பேச்சுக்கு அவரிடம்தான் வேண்டவேண்டும் என்று நாங்கள் சின்ன வயசிலேயே கேட்டது. மகள் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டோம். கள்ளக்குறிச்சி நகைக்கடையில் வெள்ளியில் ஒரு நாக்கு செய்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். இவர் வாயிலிருந்து ஒரே ஒரு பேச்சு திருத்தமாக வரட்டும், வந்தால் இது உனக்கு, வராவிட்டால் திருப்பி எடுத்துக்கினு போய்விடுவேன் என்று வேண்டினேன். மனுஷரிடம்தான் எனக்கு வாய் வராது. சாமியிடம் கறாராகப் பேசுவேன்.

அன்றைக்கு மகளுக்கு டூட்டி. காலையில் எங்களை அந்தப் புனிதர் கோவில் வாசலில் விட்டுவிட்டு, சாயங்காலம் இதே இடத்துக்கு வருகிறேன், அதுவரைக்கும் சுற்றிப் பாருங்கள், பசித்தால் எதிர்த் தெருக் கடையில் சாப்பிடுங்கள் என்று பணம் கொடுத்துவிட்டுப் போனாள்.

உள்ளே புனிதரின் கல்லறைக் கல். ஜனங்கள் வரிசையாக வந்து அதில் உள்ளங்கையைத் தேய்க்கிறார்கள், நெற்றியை வைக்கிறார்கள், முத்தம் கொடுக்கிறார்கள். கல் எண்ணெய் தடவின மாதிரி வழவழ என்று இருந்தது. எத்தனை பேர் வேர்வை, எத்தனை பேர் எச்சில். கை வைக்கவே எனக்குக் கூசியது. ஆனாலும் வந்த காரியம் ஆகவேண்டுமே. எங்கள் பக்கம் வேண்டுதல் என்றால் கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் கொட்டுவோம். அதிலேயே ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன பொட்டலத்தைப் பிரித்துக் கல்லுக்குக் கீழே கொட்டிவிட்டேன். அங்கே காவலுக்கு நின்ற ஆள் ஓடி வந்தான். எலி மருந்தைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தான். துடைப்பமும் முறமும் எடுத்துவந்து சாமிக்கு வைத்த உப்பைக் குப்பையாகக் கூட்டி அள்ளினான். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது. கையில் ஒட்டியிருந்த உப்போடு அந்தக் கல்லைத் தொட்டு, அதே விரலை இவர் நாக்கில் வைத்தேன்.

"சொல்லுங்க" என்றேன்.

கூழ் கொதித்தது.

நாக்கு இருக்கிற இடம் பின்னால் இருந்தது. தங்கத்தில் கோபுரம் மாதிரி செய்து, நடுவில் கண்ணாடி. வெற்றிலை போட்ட நாக்கு மாதிரி சிவப்பாக இருக்கும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ந்து கறுத்து, பானை அடியில் கிடக்கிற பழைய புளி மாதிரி இருந்தது. புனிதருடைய நாக்குதான், தெரியும். சிலுவை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெள்ளி நாக்கை அவிழ்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வெளியே அதைவிட மோசம். கக்கூஸில் தண்ணீர் கிடையாது, காகிதம்தான். குடிக்க வைத்திருந்த பாட்டிலைக் கொண்டுபோனேன். அப்புறம் தாகம் எடுத்தாலும் அடக்கிக்கொண்டேன். மாடம் மாடமாக வளைவு வைத்த தெருவில் நடந்தோம். ஒரு கடையில் பன்றித் தொடையை முழுசாகத் தொங்கவிட்டு, வேகவைக்காமலே சீவிச் சீவித் தின்கிறார்கள். பாலாடைக்கட்டிக் கடையில் மழைக்காலத்துத் தொழுவ நாற்றம். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தேன்.

சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேஜைக்குப் போன தட்டைப் பார்த்ததும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. மஞ்சளாக மக்காச்சோளக் களி. அதன் மேலே சிவப்பாக, நார் நாராகப் பிய்த்துப் போட்ட கறி. நம்ம களி என்று கையாலே காட்டி அதையே கேட்டார். வந்தது. கறியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, ஓரத்துக் களியை மட்டும் எடுத்துத் தின்றேன். இவர் நன்றாகத் தின்றார். ஒரு பக்க உதடு இன்னும் மூடாது, எச்சில் வழியும். நான் துடைத்துவிட்டேன். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அவள் மடியில் ஒரு நாய். ஐஸ்கிரீமை எடுத்து அதற்கு நக்கக் கொடுத்து, அதே கரண்டியைத் தன் வாயில் வைத்தாள். அவளுக்கு என் புருஷனைப் பார்த்து அருவருப்பாம்.

இவருக்கு இன்னா கறி என்று தெரியவேண்டும். பரிமாறுகிற பெண்ணைப் பார்த்துத் தட்டைக் காட்டி ஆடு மாதிரி கத்தினார். அவள் சிரித்து, இல்லை என்று தலையாட்டினாள். மாடு மாதிரி கத்தினார். அதுவும் இல்லை. அவள் இரண்டு கையாலும் கடிவாளம் பிடிக்கிற மாதிரி பிடித்து, நின்ற இடத்திலேயே குதித்து, நாக்கைத் தட்டி டக் டக் என்று சத்தம் போட்டாள்.

நாங்கள் மாட்டுக்கறி தின்கிறவர்கள்தான். ஆனால் எங்கள் கோவில் புனிதர் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறவர். திருவிழாவில் அந்தச் சுரூபத்தை, குதிரையோடு சேர்த்துத் தோளில் தூக்கித் தேரில் வைக்கிறவர் இவர். மெல்லுகிற வாய் நின்றது. அப்படியே தட்டில் துப்பினார்.

"த்தூ. குதிரக் கறியாடி இது? நாய் துன்னுமா இத?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த பிறகுதான் காதில் விழுந்தது எனக்கு உறைத்தது. ஒரு எழுத்து குழறவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவரும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். வரவில்லை, கூழ்தான். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர். ஜெபம் சொன்ன வாயில் முதல் பேச்சு இதுதானா என்று அவருக்கு அவமானம்.

"நான் ஜெபமா கேட்டேன்? பேச்சு தான கேட்டேன்" என்றேன். "குடுத்தாரு. நாம குடுக்க வாணாமா?"

கையை விட்டார்.

மறுபடியும் அதே வரிசை, அதே வழவழப்பான கல். காவல்காரன் என் கையில் உப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கூட வந்தான். நாக்கு இருக்கிற கண்ணாடியை நான் இந்தத் தடவை பார்க்கவில்லை, பார்த்தால் அந்தக் களி வெளியே வந்துவிடும். தலையைக் குனிந்துகொண்டே வெள்ளி நாக்கைக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன்.

சாயங்காலம் மகள் வந்தாள். என்னப்பா சாப்பிட்டீங்க என்று, பதில் வராது என்று தெரிந்தே, வழக்கம்போல அவரைப் பார்த்துக் கேட்டாள். நான் சொல்ல வாயெடுத்தேன்.

"குதிர" என்றார் அவர்.

மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவிலேயே அழுதாள். நான் அவள் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். அந்தக் களியில் குதிரையின் சாறு இறங்கியிருக்கும். மத்தியானத்திலிருந்து வாய் கொப்பளிக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.