விழாமல் நின்ற கீப்பர்

பாலக்கரை ஹாக்கி கிளப்புக்கு இருபத்து நான்கு வருடமாக இருதயநாதன்தான் கோல் கீப்பர். வயது நாற்பத்தாறு ஆகிவிட்டது. பாய்ந்து விழுந்தால், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள் பந்து வலைக்குள் போய்விடும். போன வருடக் கால் இறுதியில் அப்படியே மூன்று கோல் வாங்கினார்.

கிளப் செயலாளர் பிலோமின்ராஜ் அவரைச் சத்திரம் பேருந்து நிலையத்து டீக்கடைக்கு அழைத்துப்போய் மெல்ல ஆரம்பித்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே கோச்சா இருங்களேன். புதுசா வந்திருக்க சுரேஷ்குமார் புலி மாதிரி பாயறாரு."

"இந்த ஒரு டோர்னமென்ட் குடு, பிலோமின். சொதப்பினா நானே பேடைக் கழட்டிக் குடுத்துடறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தார். மனைவி பெலிண்டா போன வருடக் கால் இறுதியைத் தன் செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இதைப் பாருங்க. மூணு கோலும் நீங்க விழுந்த பிறகுதான் போயிருக்கு. நீங்க நிக்கிற வரைக்கும் அடிக்கிறவனுக்கு வழியே கிடைக்கல. ஏன் விழறீங்க?"

இருதயநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாயாதவன் என்ன கீப்பர்? போனைப் பிடுங்கித் தானே பார்த்தார். நான்காவது முறை பார்த்தபோது கோபம் போய்விட்டது. அவள் சொன்னதுதான் சரி.

மறுநாள் காலையிலிருந்து, கிளப்பின் முன்கள வீரர் சரத்குமாரைத் தினமும் ஐம்பது முறை பந்தோடு தன்னை நோக்கி வரச் சொன்னார். வலப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி இடப்பக்கம் திரும்புவார் சரத்குமார். இருதயநாதன் ஆளைப் பார்க்காமல் பந்தை மட்டும் பார்த்து, பொடிப்பொடி அடியாக நகர்ந்து வழியை அடைத்தார். விழவே கூடாது. முதல் வாரம் ஐம்பதில் முப்பது உள்ளே போனது. மூன்றாம் மாதம் பத்துகூடப் போகவில்லை.

டோர்னமென்ட் தொடங்கியது. இறுதி ஆட்டம் வரை அவரே நின்றார். கோவில்பட்டி அணியோடு இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, ஷூட்-அவுட் வந்தது. எதிரணி ஆள் ஒவ்வொருவராகத் தனியே பந்தோடு வந்து, எட்டு விநாடிக்குள் கோல் போடவேண்டும்.

பிலோமின்ராஜ் கோல் பக்கம் ஓடி வந்தார். "மாத்திடலாமாண்ணே?"

இருதயநாதன் வாயைத் திறப்பதற்குள் சுரேஷ்குமார் குறுக்கிட்டார். "வேணாங்க. அண்ணனே நிக்கட்டும். பொறுமையா நிக்க எனக்கு வராது."

பாலக்கரை ஐந்து வாய்ப்பில் மூன்று கோல் போட்டது. கோவில்பட்டி நான்கில் இரண்டு. கடைசி ஆள் போட்டால் சமம்.

அவர் புயலாக வந்தார். இடப்பக்கம் சாய்ந்து, சட்டென்று பந்தைப் பின்னுக்கு இழுத்தார். இருதயநாதனின் உடம்பு முழுக்கப் பாயத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஓரடி முன்னே. இன்னும் ஓரடி. விழுவார் என்று காத்திருந்தவருக்கு நேரம் ஓடிவிட்டது. வேறு வழியின்றி அடித்தார். பந்து வலக்கால் பேடில் பட்டுத் தெறித்தது. விசில்!

எல்லோரும் இருதயநாதனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "முட்டி, முட்டி! பாத்துடா!" என்று கத்தியபடியே சிரித்தார்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் மாவட்ட அணித் தேர்வுக்குப் போனபோது, படிவத்தில் நாற்பத்தெட்டு என்று பார்த்த தேர்வாளர், "கோச் எல்லாம் அந்தப் பக்கம் உட்காருங்க சார்" என்றார்.

"ஆட வந்திருக்கேங்க" என்றார் இருதயநாதன்.

அன்று சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் முதல் பெயர் அவருடையது.