சாய்ந்த கால் கட்டிலும் டாலிகஞ்ச் மழையும்

படுக்கையறை அலங்கரிக்கும் தொழிலில் கெட்ட சேதி வேலை முடிந்த பிறகுதான் வரும். வீட்டில் தச்சரை விட்டு அவதிப்பட்டவர்களுக்கு இது புரியும். கல்கத்தாவில் நான் செய்த ஓர் அறையைப் பற்றிச் சொல்கிறேன்.

டாலிகஞ்சில் தரைத்தள வீடு. ரகு வங்கி அதிகாரி. கல்யாணமாகி ஆறு மாதம். மனைவி சுமித்ரா சென்னைப் பெண். மாமியாரின் பீரோக்களுக்கு நடுவே மூச்சு முட்டுகிறது, சென்னையில் விட்ட வேலைக்கே திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். அவள் ஆசைப்பட்ட படத்தை ரகு ஒரு பத்திரிகையில் காட்டினான். மிட்-செஞ்சுரி மாடர்ன். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வெளிநாட்டுப் பாணி. தாழ்ந்த கட்டில், சாய்ந்த மெல்லிய கால்கள், ஒன்றுமே இல்லாத சுவர். "ரூம் பிடிச்சா இருப்பா சார். இல்லேன்னா போயிடுவா."

கால்கள்

நிமாய் என்னிடம் நெடுநாள் வேலை செய்த வங்காளித் தச்சர். படம் வரைந்து கொடுத்தேன். மறுவாரம் போய்ப் பார்த்தால் நான்கு காலும் தூண் மாதிரி நேராக நிற்கின்றன. அத்தனையும் தேக்கு. படத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். நிதானமாகப் பீடியை அணைத்துவிட்டு அவர் பாஷையில் சொன்னார்: "உங்களுக்கு வயசாச்சு, வரையறப்ப கை நடுங்கியிருக்கும்னு நானே நேராக்கிட்டேன், தாதா."

ஆணி

கால்களை மாற்றினோம். சுவரில் பலகை பதித்தோம், ஒரு கீறல் கிடையாது. சுமித்ரா தடவிப் பார்த்துச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து முதல் தடவை பார்க்கிறேன் என்றான் ரகு.

மறுநாள் விளக்கு மாட்டப் போனேன். பலகையில் விரல் பருமனுக்கு இரண்டு ஆணி. கொசுவலைக் கயிறு தொங்குகிறது. பக்கத்தில் சுத்தியலோடு மாமியார். சுமித்ரா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். ரகு வெளுத்துப்போனான். "என்ன மாமி இது அநியாயம்?" என்றேன்.

"கொசு உங்க பத்திரிகையைப் படிச்சுட்டா வரது?"

பன்னிரண்டு செங்கல்

அன்று சாயங்காலமே சுமித்ரா சென்னைக்கு ரயில் டிக்கெட் வாங்கிவிட்டாள். புறப்படுவதற்கு முந்தின நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. தெருவெல்லாம் வெள்ளம், ரயிலும் ஓடவில்லை. தண்ணீர் வடியத் தொடங்கியதும், கட்டில் என்னவாயிற்றோ என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

அறைக்குள் கணுக்கால் தண்ணீர். என் தாழ்ந்த கட்டில் முக்கால் அடி உயர்ந்து நிற்கிறது. காலுக்கு மூன்று செங்கல். மேலே அரிசி டின், துணி மூட்டை, நடுவில் மாமியாரும் மருமகளும் சம்மணம் போட்டுச் சீட்டு ஆடுகிறார்கள். யார் செய்த வேலை இது என்று கேட்டேன்.

மாமியார் மருமகளைக் காட்டினாள். "மாடியிலேர்ந்து அவதான் ஒவ்வொண்ணா தூக்கிண்டு வந்தா. மூணு நாளா சீட்டிலயும் என்னை ஜெயிக்க விடமாட்டேங்கறா."

"உன் டிக்கெட்?" என்றேன் சுமித்ராவிடம்.

சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "கேன்சல் பண்ணியாச்சு மாமா. பெட்டியைக் காலி பண்ணிட்டேன், தண்ணி வடிஞ்சாலும் கட்டிலுக்கு அடியில அது போகாது. இன்னும் ஒரு வரிசை செங்கல் வைக்கணும்."

நான் அலங்கரித்த அறைகளில் படமெடுத்து யாரிடமும் காட்ட முடியாதது அது ஒன்றுதான். குறை சொல்லி யாரும் என்னைக் கூப்பிடாததும் அது ஒன்றுதான்.