நிறைந்து வந்த பை

ஆயம்மாள் எங்கள் சபையில் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. சபையின் பதிவேடுகளை நெடுங்காலமாக நான்தான் எழுதி வருகிறேன். அவற்றில் அவர் பெயர் மூன்று இடங்களில் வரும்: அவருடைய ஞானஸ்நானம், திருமணம், கணவர் அங்கமுத்துவின் அடக்கம். ஞாயிறுதோறும் ஆலயத்தின் பின்னறையில் அவர் செய்துவரும் வேலைக்குப் பதிவேட்டில் இடம் கிடையாது. அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன். நான் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

அவர் பிறந்தது ஊத்துக்குளிக்கு அருகே ஒரு சிற்றூர். மணமாகி, சாமளாபுரம் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். அங்கமுத்து விசைத்தறி ஓட்டினார். மார்சளி கண்டு இறந்துபோனார். அதன்பிறகு ஆயம்மாள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனார். தைத்து வரும் துணியில் தையல் ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைத் தேடி வெட்டும் வேலை அது. சின்ன நூலும் தப்பாத கண் அவருக்கு. அந்தக் கண்ணைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசிக்குக் கொடுத்தார்.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சமையலுக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு கை அள்ளி, அடுப்படியில் தொங்கும் துணிப்பையில் போடுவார்கள். ஞாயிறன்று அந்தப் பை ஆலயத்துக்கு வரும். ஆராதனையில் படைத்தபின் பின்னறைக்குப் போகும். அங்கிருந்து இல்லாதவர்கள் வீட்டுக்கு. இதை நாங்கள் தருமம் என்று சொல்வதில்லை. அது ஆண்டவருடைய பங்கு. அவர் உண்பதில்லை, அவருக்குப் பதிலாகப் பசித்தவன் உண்கிறான். கொடுத்தவனுக்கு அதில் பெருமை இல்லை, வாங்கினவனுக்குக் கூச்சமும் இருக்கக் கூடாது. கொடுப்பது மறைவாக இருக்க வேண்டும். இப்படித்தான் நாங்கள் சிறுவயது முதல் கற்றோம்.

பைகள் எல்லாம் பனியன் வெட்டுத்துணியில் தைத்தவை. வீட்டுக்கு ஒரு நிறம். ஆயம்மாளுக்குப் பெயர் எழுதியிருக்கத் தேவையில்லை, நிறம் போதும். பொன்னி, ரேஷன், இட்லி அரிசி என்று பிரித்து மூன்று தகர டின்களில் கொட்டுவார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் வேலை சுருக்காக முடியுமே என்று ஒருமுறை கேட்டேன். கலந்த அரிசி ஒன்றுபோல வேகாது, ஒன்று குழையும்போது இன்னொன்று விறைத்து நிற்கும், வாயில் வைத்ததும் பிள்ளைகளுக்கு இது கோயில் அரிசி என்று தெரிந்துவிடும் என்றார். அங்கமுத்து இறந்த வருடம் ஆயம்மாளே அந்த அரிசியைத் தின்றிருக்கிறார்.

யாருக்குக் கொடுப்பது என்பதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. யாரையும் கேட்க மாட்டார். வழக்கமாக நிறைந்து வரும் பை இரண்டு வாரம் தொய்ந்து வந்தால், திங்கட்கிழமை விடிகாலையில் அந்த வீட்டுக் கதவின் தாழ்ப்பாளில் ஓர் அரிசிப் பொட்டலம் தொங்கும். கேட்க வேண்டியதும் இல்லை, நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை. எனக்கும் போதகருக்கும் தவிர யாருக்கும் இது தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஐப்பசிக்குப் பிறகு வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றன. ஓவர்டைம் போனது, பிறகு ஷிப்டே போனது. ஆள் ஏற்றும் கம்பெனி வேன்கள் பாதி காலியாக ஓடின. பின்னறையில் பைகள் ஒவ்வொன்றாகத் தொய்ந்தன. பொன்னி வந்த பையில் ரேஷன் அரிசி வந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மூன்று டின்களிலும் அடிதான் தெரிந்தது. ஆயம்மாள் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒரே டின்னில் கலந்தார்.

தொய்யாமல் வந்த பைகளில் ஒன்று அன்புசெல்வியின் பச்சைப் பை. அன்புசெல்வி ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனவள். கணவன் பிரபாகர் சாயப்பட்டறையில் இருந்தான். மகள் மைதிலி பத்தாம் வகுப்பு. அந்த வீட்டில் காலை உலைக்குத் தாய் ஒரு கையும், மாலை உலைக்கு மகள் ஒரு கையும் எடுத்துப் போடுவார்கள். கஷ்டம் எல்லோருக்கும் வந்தபோதும் அந்தப் பை கெட்டியாக வந்ததால் அந்த வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று ஆயம்மாள் தாண்டிப் போய்விட்டார். திங்கட்கிழமைப் பொட்டலம் வேறு வீடுகளுக்குப் போனது.

கிறிஸ்துமஸ் முடிந்த அடுத்த ஞாயிறு, பச்சைப் பையைக் கொட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். இலேசாகச் செம்மை ஓடிய தடித்த பழைய புழுங்கலரிசி. அது கடையில் விற்பதும் இல்லை, ரேஷனில் போடுவதும் இல்லை. எங்கள் சபையில் வயல் உள்ளவர்களும் இல்லை. ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் அந்த அரிசி உண்டு. ரங்காத்தாளுக்குத் தாராபுரத்துப் பக்கம் பிறந்த வீட்டு வயலிலிருந்து மூட்டையில் வரும். அன்புசெல்வி வாடகைக்குக் குடியிருக்கும் வரிசை வீடுகள், லைன் வீடுகள் என்போம், ரங்காத்தாளுடையவை.

அன்று மாலையே ஆயம்மாள் ரங்காத்தாள் வீட்டுக்குப் போனார். நடந்ததை மறுநாள் என்னிடம் சொன்னார். உங்கள் வீட்டு அரிசி எங்கள் கோயிலுக்கு வந்திருக்கிறதே என்று கேட்டதற்கு ரங்காத்தாள் சிரித்திருக்கிறார்.

“வராம என்ன, ஆயம்மா? நேத்துப் பொழுதுக்கு உங்க சாமி எங்கூட்டு வாசல்ல படியோட வந்து நின்னுச்சே. எங்க சாமிக்கு வருசத்துக்கொரு பொங்க வெச்சாப் போதும். உங்க சாமிக்கு வாரா வாரம் வசூலா?”

பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாராம்: “அந்த அன்புசெல்வி வாங்கிட்டுப் போனது ஒலைக்கில்ல. நேத்தும் முந்தாநேத்தும் அந்த ஊட்டுல ஒலையே வெக்கல. பையை ரொப்பறதுக்கு மட்டும்தான் வாங்குறா. திங்கறதுக்கும் வாங்கிக்க அம்மிணின்னாக் கேக்க மாட்டீங்குறா.”

ஆயம்மாள் நேரே லைன் வீட்டுக்குப் போனார். பிரபாகர் வேலை தேடிப் பல்லடம் போயிருந்தான். சாயப்பட்டறையை மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது, அன்புசெல்விக்கும் வேலை நின்றிருந்தது. பையைக் கொஞ்சம் குறைத்து அனுப்பியிருந்தாலே எனக்குத் தெரிந்திருக்குமே கண்ணு என்று ஆயம்மாள் கேட்டார்.

“அதுக்குத்தானுங்க பெரிம்மா கொறைக்கல,” என்றாளாம் அன்புசெல்வி. “கொறைச்சாத் திங்கக்கெழம எங்கூட்டுக் கதவுல பொட்டலம் தொங்குமுங்க. லைனே பாக்கும். அதத் தாண்டி அவரு எப்படிங்க வேல கேக்கப் போவாரு?”

இந்தப் பேச்சைச் சொல்லும்போது ஆயம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறைவாகக் கொடுத்ததாக அவர் நினைத்தது ஊர் முழுவதும் தெரிந்த சேதியாக இருந்திருக்கிறது. தொய்ந்த பை என்றால் கையேந்துவது என்று சபைக்குள் யாரும் வாயால் சொல்லாத ஓர் அர்த்தம் வந்துவிட்டிருந்தது. கையேந்த மனமில்லாத வீடு கடன் வாங்கிப் பையை நிறைத்தது.

பிறகு ஆயம்மாள் போதகரிடம் போனார். அவர் அந்த ஆண்டுதான் மாற்றலாகி வந்தவர், இளையவர், நல்லவர். நானும் உடன் இருந்தேன். வேலை இல்லாதவர்கள் பிடியரிசி கொண்டுவர வேண்டாம் என்று ஆராதனையில் அறிவித்துவிடுங்கள் என்று ஆயம்மாள் கேட்டார். போதகர் யோசித்தார். அப்படி அறிவித்தால் அடுத்த வாரம் பை இல்லாமல் வருகிறவர்கள் யார் யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்றார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. படைத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் தனக்கு அதிகாரமில்லை என்றார். வேதாகமத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் காணிக்கையை ஆண்டவரே மெச்சியிருக்கும்போது, ஏழை கொண்டுவருவதைத் தள்ள நான் யார் என்று கேட்டார்.

ஆயம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: “மெச்சினாருங்க ஐயா, சரிதான். அன்னைக்கு ராத்திரி அந்தம்மா என்ன தின்னாங்கன்னு ஒருத்தரும் எழுதி வெக்கலீங்களே.”

மறுநாள் போதகரே அன்புசெல்வி வீட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு வந்தார். சபையின் உதவி நிதியிலிருந்து கொடுக்கலாம், ஆனால் குடும்பத் தலைவர் கையெழுத்திட்ட விண்ணப்பம் வேண்டும் என்பது கமிட்டியின் விதி. விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். பிரபாகர் அதை வாங்கி, நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டு, “மன்னிச்சுக்கங்க ஐயா, இப்பத்திக்கு வேண்டாமுங்க” என்று மடித்து என் கையில் கொடுத்தான். கோபம் இல்லை. அவன் கைநகங்களில் சாயத்தின் நீலம் இன்னும் போகாமல் இருந்ததைப் பார்த்தேன்.

ஆயம்மாளுக்கு மிஞ்சியது அரிசிதான். கதவில் தொங்கவிடாமல், இருட்டியபின் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டுபோய் அன்புசெல்வியின் கையிலேயே கொடுத்தார். அவள் மறுக்கவில்லை. பெரியவர் கொண்டுவந்ததை மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டாள். ஞாயிறன்று பச்சைப் பை வழக்கம்போல நிறைந்து வந்தது. கொட்டிப் பார்த்தால் பொன்னியும் ரேஷனும் இட்லி அரிசியும் கலந்த அரிசி. டின்னில் அவரே கலந்து, அவரே கொண்டுபோய்க் கொடுத்தது. ஆண்டவருடைய பங்கை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் அந்த வீடு உண்டிருந்தது. எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும் என்று பையின் கனத்தைப் பார்த்தால் தெரிந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுபோனார். பையும் கொஞ்சம் கூடுதலாக நிறைந்து வந்தது.

தை மாதம் ஆறுச்சாமி அந்த லைனுக்கு வந்தான். நூற்பாலைகளுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவன். மூன்று வருடம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும், முடியும்போது கல்யாணச் செலவுக்கு மொத்தமாகக் கொடுப்பார்கள், அதுவரை சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஆலையில் என்றான். மைதிலிக்குப் பங்குனியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அது முடியட்டும் என்று அன்புசெல்வி கேட்டிருக்கிறாள். அதுவரை ஆலை காத்திருக்காது, இடம் கேட்டுப் பலர் வரிசையில் நிற்கிறார்கள் என்றிருக்கிறான்.

இதைக் கேள்விப்பட்டு ஆயம்மாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பரீட்சை வரை மைதிலி என் வீட்டில் இருக்கட்டும், நான் ஒருத்திதானே, அவள் உண்பதால் எனக்கு ஒன்றும் குறையாது என்று பிரபாகரிடம் கேட்டார். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

“உங்கூட்டுல உட்டா, அடுத்தவங்க சோத்தைத் தின்னுட்டுப் படிச்சான்னு ஆகுமுங்க. மில்லுக்குப் போனா, ஒழைச்சுத் தின்னான்னு ஆகும். எம்புள்ளைக்கு நான் வேற என்னத்தைங்க குடுக்க முடியும்?”

ஆயம்மாள் என்னைப் பார்த்தார். நானாவது ஏதேனும் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பகிர்ந்து உண்பதைப் பற்றி எவ்வளவோ பிரசங்கங்களை நான் சுருக்கிக் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றில் எல்லாம் கொடுக்கிறவனுக்குச் சொன்னவையே அதிகம். வாங்க முடியாதவனிடம் சொல்ல ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மைதிலி புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆயம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஞாயித்துக்கெழமையானாக் கறி போடறாங்களாமா, அம்மாயி. நீங்களும் வந்துருங்க. பஞ்சுல தூசி பொறுக்க உங்க கண்ணு மாதிரி யாருக்குங்க இருக்குது?”

திங்கட்கிழமை காலை ஆலை வேன் வந்தது. அதில் ஏற்கெனவே ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். ரங்காத்தாள் முறுக்குப் பொட்டலம் ஒன்றைச் சன்னல் வழியாக மைதிலியின் மடியில் போட்டார். ஆயம்மாள் வெறுங்கையோடு நின்றார். அவரிடம் இருந்தது அரிசி மட்டும்தான், போகிற இடத்தில் அது வேண்டியதில்லை. வேன் புறப்பட்டபின் பிரபாகர் அங்கே நிற்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான். வேலை தேடிப் போகும் நேரம் அது.

அந்த வாரம் முடிந்த ஞாயிறன்று பச்சைப் பை பாதியாக வந்தது.

ஆயம்மாள் அதைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். இத்தனை மாதத்தில் முதன்முறையாக அந்தப் பை தொய்ந்து வந்திருக்கிறது. இப்போதாவது கேட்கத் துணிந்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு வாரம் பார்ப்பது அவர் வழக்கம். இம்முறை பார்க்கவில்லை. டின்னில் இருந்ததையெல்லாம் வழித்துப் பொட்டலம் கட்டினார், எனக்குத் தெரிந்து அவர் கட்டியதில் அதுதான் பெரியது. அன்று பொழுது சாய்வதற்குள் கொண்டுபோனார்.

கொஞ்ச நேரத்தில் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். நான் பின்னறையைப் பூட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டேன். அன்புசெல்வி பொட்டலத்தை வாங்கவில்லை என்றார். பை குறைந்தது இல்லாமையால் அல்ல என்றாளாம்.

“அது மைதிலி கையிங்க பெரிம்மா. சாயந்தரம் எடுத்துப் போடற கை ஊட்டுல இல்ல. இல்லாத கைக்கு நான் எங்கிருந்துங்க எடுத்துப் போடறது?”

சொல்லிவிட்டு ஆயம்மாள் பொட்டலத்தைப் பின்னறையில் இருந்த என் மேசைமேல் வைத்தார். ஆண்டவருக்குப் படைத்தது, அதனால் தன் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார். ஒரு வீட்டுக்கு என்று கட்டியதை அவிழ்த்து மறுபடி டின்னில் கொட்டவும் அவருக்குக் கை வரவில்லை.

“இதை எதுலங்க எழுதுவீங்க?” என்று கேட்டார்.

பிடியரிசிக்கு நான் வைத்திருக்கும் ஏட்டில் இரண்டு பத்திகள்: வந்தது, கொடுத்தது. நான் பேனாவை எடுத்தேன், பிறகு மூடி வைத்தேன். அவர் சாவியை என்னிடம் கேட்டு வாங்கி, நான் வெளியே வந்ததும் அறையைப் பூட்டிவிட்டுப் போனார்.

இதை எழுதும்போது மைதிலி ஆலையில்தான் இருக்கிறாள். பரீட்சை முடிந்து முடிவுகளும் வந்துவிட்டன. பச்சைப் பை ஞாயிறுதோறும் பாதியாக வருகிறது. ஆயம்மாள் அதை எல்லாப் பைகளுக்கும் கடைசியில் கொட்டுகிறார். பொட்டலம் இன்னும் அந்த மேசைமேல் இருக்கிறது. வண்டு விழுந்துவிட்டது. அதை எடுத்து அப்பால் போடலாம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.